அடகு வைத்த பொன்

1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், எங்கள் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பினுள் நுழைந்து கரும்பலகையில் ஒரு தலைப்பை எழுதினார். 'நாட்டின் பொருளாதார நெருக்கடியும் செய்ய வேண்டிய சீர்திருத்தங்களும்' என்பது அத்தலைப்பு. ஒரு வாரத்திற்குள் கட்டுரை எழுதி வருதல் வேண்டும் என்பது கட்டளை. நாம் அப்போது இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்தோம். அந்நியச் செலாவணி, நாணய மதிப்புக் குறைப்பு, பன்னாட்டு நிதியம் முதலிய சொற்கள் நாளிதழ்களில் நாள்தோறும் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றையெல்லாம் அள்ளிக் கொணர்ந்து, அடுக்குமொழியில் தொடுத்துப் பன்னிரண்டு பக்கங்கள் எழுதி முடித்தோம். வளைகுடாப் போரே துன்பங்கள் அனைத்திற்கும் வித்து என்று ஓங்கி உரைத்திருந்தோம். பேராசிரியர் அதனைப் படித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையினால் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தார்: "தம்பி, போர் கடைசியில் வந்தது. முதலில் வந்தது எது?"

அவ்வினாவுக்கு விடை காணப் பல ஆண்டுகள் ஆயின. துறையின் சிறப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று இன்றைய பேராசிரியப் பெருமக்கள் கேட்டபோது, அன்று மதிப்பெண் பெறத் தவறிய அக்கட்டுரையையே மீண்டும் எழுதிப் பார்க்கலாம் என்று துணிந்தோம்.

ஒரு வீட்டின் கணக்கு

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர். வாப்பா நாம் சிறுவராக இருந்தபோதே காலமாகிவிட்டார்கள். எங்கள் காக்கா 1984-இல் மின்பணியாளராகக் குவைத்துக்குச் சென்றார். அதன்பின் மாதந்தோறும் வங்கி வரைவோலை வந்தது. அஞ்சற்காரர் எங்கள் தெருவில் நுழைந்தால் எங்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டே போவார்.

வரைவோலை வந்த ஆண்டுகளில் எங்கள் வீடு வளர்ந்தது. கூரை ஓடாயிற்று, ஓடு மெத்தையாயிற்று. லாத்தாவின் திருமணத்தை ஊரே வியக்க நடத்தினோம். அடுத்து மாடியில் ஓர் அறை எழுப்பத் தொடங்கினோம். இவற்றுக்கெல்லாம் காக்காவின் ஊதியம் போதவில்லை. ஆயினும் கவலை கொள்வார் இல்லை. 'குவைத்து வீடு' என்ற பெயரே பிணையாக நின்றது. மளிகைக்கடை, மரக்கடை, செங்கற்சூளை என எங்கும் கடன் கிடைத்தது. அடுத்த மாத வரைவோலை வரும் என்ற நம்பிக்கையில் இந்த மாதம் செலவு செய்தோம். அந்தக் கடனை அடைக்க வேறொரு கடன் வாங்கினோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாங்களோ வீட்டிலேயே அளவாமல் போட்டுக்கொண்டிருந்தோம்.

1990-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்தினுள் புகுந்தன. வரைவோலை நின்றது, கடிதமும் நின்றது. காக்கா உயிரோடு இருக்கிறாரா என்று அறியாமல் உம்மா வாரக் கணக்கில் வாசற்படியிலேயே அமர்ந்திருந்தார்கள். அவ்வாண்டு இந்திய அரசு ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரிலிருந்து விமானங்களை இயக்கி, 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களைத் தாயகம் சேர்த்தது. அவர்களுள் ஒருவராகக் காக்காவும் அக்டோபர் மாதம் வந்து சேர்ந்தார். பாலைவன எல்லையில் கூடாரத்தில் பல நாள் கிடந்து, ஒரே ஒரு கைப்பையுடன் வந்தார். பைக்குள் குவைத்துத் தினார் தாள்கள் சில இருந்தன. எங்கள் கடைவீதியில் அவற்றை மாற்றிக் கொடுப்பார் எவரும் இலர். ஏழாண்டு உழைப்பின் எச்சம் வெறுந்தாளாகக் கிடப்பதை அன்று கண்டோம். பிற நாட்டார் ஏற்றுக்கொள்ளும் வரையில்தான் ஒரு நாணயம் நாணயமாகும் என்ற பாடத்தை எங்களுக்கு முதலில் கற்பித்தவை அத்தாள்களே.

கடன்காரர்கள் வரத் தொடங்கினர். நேற்று வரை 'எப்போது வேண்டுமானாலும் கொடுங்கள்' என்றவர்கள், இன்று 'இப்போதே வேண்டும்' என்றனர். வட்டிக்குப் பணம் பெறுவதை வாழ்நாள் முழுதும் அஞ்சியவர்கள் எங்கள் உம்மா. அவர்களே 1991-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எமது கல்லூரிக் கட்டணத்திற்காகவும் கடைக் கடனுக்காகவும், நான்கு வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து எம்மிடம் தந்தார்கள். "பெரிய ஊருக்குப் போய் வைத்துவிட்டு வா, வாப்பா. நம் தெருவில் வேண்டாம்" என்றார்கள். பிள்ளையை வாப்பா என்று விளிக்கும் அக்குரல் அன்று தழுதழுத்தது.

ஒரு நாட்டின் கணக்கு

அடுத்த மாதம் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. பாரத ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்து வங்கிக்கு அனுப்புகிறது என்பது அச்செய்தி. அதனைப் பிணையாக வைத்துச் சுமார் 40 கோடி டாலர் கடன் பெறப்பட்டது. அதற்கு முன்னரே மே மாதத்தில், கடத்தல்காரர்களிடமிருந்து கைப்பற்றிய 20 டன் தங்கம், திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையுடன் பாரத ஸ்டேட் வங்கியின் வாயிலாகச் சுவிட்சர்லாந்தில் விற்கப்பட்டிருந்தது. தாய்நாட்டின் பொன் அடகுக்குப் போகிறது என்று மக்கள் மனம் குமுறினர். உம்மாவிடம் இச்செய்தியைப் படித்துக் காட்டினோம். சற்று நேரம் வாளாவிருந்துவிட்டு, "அவர்களும் நம் தெருவில் வைக்கவில்லை, பார்த்தாயா" என்றார்கள்.

நாடு அந்நிலைக்கு வந்தது எவ்வாறு? அன்று நாம் எழுதியவாறு போரும் ஒரு காரணமே. ஈராக், குவைத்து எண்ணெய் உலகச் சந்தைக்கு வாராமையால் விலை ஏறியது. எண்ணெயை இறக்குமதி செய்து வாழும் நம் நாட்டின் செலவு பெருகியது. வளைகுடாவில் உழைத்தோர் அனுப்பிய பணம் குன்றியது. நெடுங்காலம் நம்முடன் ரூபாயிலேயே வாணிகம் செய்த சோவியத் ஒன்றியமும் தளர்ந்து, அங்குச் சென்ற ஏற்றுமதி சரிந்தது. இவையனைத்தும் உண்மையே.

ஆயினும் இதே எண்ணெய் விலை உயர்வு பல நாடுகளையும் தாக்கிற்று; அவை எல்லாம் பொன்னை அடகு வைக்கவில்லை. நம் நாட்டை அடி வீழ்த்திய காரணங்கள் அதற்கு முந்திய பத்தாண்டுகளில் விளைந்தவை. 1980-களில் நாட்டின் வளர்ச்சி விரைவு பெற்றது. அதனினும் விரைவாக அரசின் செலவு வளர்ந்தது. 1990-91-இல் நடுவணரசின் நிதிப் பற்றாக்குறை, நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 விழுக்காட்டை ஒட்டி நின்றது. அரசின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது பழைய கடனுக்கு வட்டியாகவே போயிற்று. பற்றாக்குறையை நிரப்ப, ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலப் பத்திரங்களைக் கொடுத்துப் புதுப்பணம் பெறும் வழக்கம் நிலைத்திருந்தது. வீட்டுத் தலைவன் தானே பற்றுச்சீட்டு எழுதித் தானே பணம் எடுத்துக்கொள்வதற்கு ஒப்பானது அவ்வழக்கம்.

வெளிநாட்டுக் கடனோ 8,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. கடனின் அளவைக் காட்டிலும் அதன் இயல்பே ஆபத்தாயிற்று. முன்பெல்லாம் நீண்ட தவணையில், குறைந்த வட்டியில், உலக வங்கி போன்ற அமைப்புகளிடம் கடன் பெற்ற நாடு, 1980-களில் வணிக வங்கிகளிடம் கூடுதல் வட்டிக்கும், சில மாதத் தவணைக்கும் கடன் வாங்கத் தலைப்பட்டது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கு இட்ட வைப்புத்தொகையும் அத்தகையதே. நம்பிக்கை உள்ள வரை வரும், நம்பிக்கை குலைந்தால் வந்த வழியே போய்விடும். எங்கள் செங்கற்சூளைக்காரரின் கடன் போன்றது அது.

இறக்குமதிக்கு ஈடாக ஏற்றுமதி செய்யும் வலிமை நாட்டுக்கு ஏன் இல்லாமற் போயிற்று என்பது அடுத்த வினா. ஒரு தொழிற்சாலை தொடங்க உரிமம், விரிவாக்க உரிமம், பொறியை இறக்குமதி செய்ய உரிமம் என்று உரிமங்களின் மேல் உரிமங்கள் அடுக்கப்பட்டிருந்தன. உயர்ந்த சுங்கச் சுவர் உள்நாட்டு முதலாளிகளைப் போட்டியின்றிக் காத்தது. போட்டியில்லாதவன் தரத்தை உயர்த்துவானேன்? ரூபாயின் மதிப்பும் உண்மை நிலைக்கு மேலாக நிறுத்தப்பட்டிருந்தமையால், நம் பொருள்கள் வெளிச்சந்தையில் விலை கூடி நின்றன.

இவற்றோடு அரசியல் நிலையின்மையும் சேர்ந்தது. 1990 நவம்பரில் ஓர் அரசு கவிழ்ந்தது. 1991 மார்ச்சில் அடுத்த அரசும் பதவி விலகியது. முழுமையான வரவு செலவுத் திட்டத்தை முன்வைக்கவும் இயலவில்லை. தேர்தலுக்கு இடையில், மே 21-ஆம் நாள், நம் தமிழ் மண்ணில், ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். உலகத்தாரின் நம்பிக்கை மேலும் தளர்ந்தது, வைப்புத்தொகைகள் வெளியேறின. ஜூன் மாதத்தில் நாட்டின் கையிருப்பு 100 கோடி டாலர் அளவிற்கு இறங்கிற்று. சில வார இறக்குமதிக்கே அது போதும். மாடியறை பாதியில் நின்ற எங்கள் வீட்டிற்கும் அந்நிலைக்கும் வேற்றுமை காண எம்மால் இயலவில்லை. போர் வந்து தட்டியது. சுவர் முன்பே ஈரம் கண்டிருந்தது. பேராசிரியரின் வினாவுக்கு விடை இதுவே.

செய்தவையும் செய்யாதவையும்

1991 ஜூன் 21-இல் பி. வி. நரசிம்மராவ் தலைமையமைச்சராகப் பொறுப்பேற்றார். 2024 டிசம்பரில் மறைந்த மன்மோகன் சிங் நிதியமைச்சரானார். ரிசர்வ் வங்கியின் ஆளுநராக எஸ். வெங்கிடரமணனும், துணை ஆளுநராக சி. ரங்கராஜனும் இருந்தனர், இருவரும் தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது. ஜூலை 1, 3 ஆகிய நாள்களில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. ஒரு டாலர் 21 ரூபாயிலிருந்து 26 ரூபாயை எட்டிற்று. ஜூலை 24-இல் வரவு செலவுத் திட்டமும் புதிய தொழிற்கொள்கையும் ஒரே நாளில் வெளியாயின. 18 தொழில்கள் நீங்கலாக ஏனையவற்றுக்கு உரிமம் வேண்டியதில்லை என்றாயிற்று. 300 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்திருந்த சுங்கவரியின் உச்சம் 150 விழுக்காடாகக் குறைந்தது. வரிச் சீர்திருத்தத்திற்கு வழிகூற, தமிழ்ப் பொருளியலறிஞர் இராஜா செல்லையா தலைமையில் குழு அமைந்தது. பன்னாட்டு நிதியத்தின் கடனும் கிடைத்தது. தங்கத்தின் பேரில் பெற்ற கடன் அவ்வாண்டுக்குள்ளேயே தீர்க்கப்பட்டது.

அரசு தானே பத்திரம் கொடுத்துப் பணம் பெற்றுக்கொண்ட வழக்கம் 1997-இல் ஒழிந்தது. பற்றாக்குறைக்கு வரம்பு வகுக்கும் நிதிப் பொறுப்புச் சட்டம் 2003-இல் பிறந்தது. 2009-இல் ரிசர்வ் வங்கி பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை விலை கொடுத்து வாங்கிற்று. 2024 செப்டம்பரில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டியது. அன்று விமானமேறிய பொன்னை எண்ணிக் கண்ணீர் விட்டவர்கள், இவற்றைக் கண்டு பெருமிதம் கொள்வது முறையே.

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. 1991 ஆகஸ்டில் பணவீக்கம் 16 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. உரவிலை உயர்ந்தது, சமையல் எரிவாயு விலையும் உயர்ந்தது. நாடு தன் பிழைக்குச் செலுத்திய தண்டத்தை, அப்பிழையில் பங்கேதுமற்ற வேளாண் கூலிகளும் நெசவாளரும் மீனவரும் முதலில் செலுத்தினர். கட்டுப்பாடுகள் தளர்ந்த வேகத்தில் கண்காணிப்பு வளரவில்லை என்பதை 1992-இல் வெளிப்பட்ட பங்குச் சந்தை ஊழல் காட்டிற்று.

எங்கள் வீட்டிலும் அவ்வாறே. நாட்டிற்குக் கடன் கொடுக்கப் பன்னாட்டு நிதியம் இருந்தது. எங்களுக்கு அடகுக்கடை ஒன்றே இருந்தது. நான்கு வளையல்களில் இரண்டை மீட்டோம். எஞ்சிய இரண்டும் தவணை தப்பி ஏலத்திற்குப் போயின. காக்கா 1992-இல் மீண்டும் வளைகுடாவுக்குப் புறப்பட்டார். குவைத்திலிருந்து வெளியேறியோருக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆணையம் வழியாக இழப்பீடு வழங்கப்பட்டபோது காக்காவுக்கும் ஒரு தொகை வந்தது. அதனைக் கொண்டு புது வளையல் வாங்க முற்பட்டோம். உம்மா மறுத்துவிட்டார்கள். "அது என் உம்மா போட்ட வளையல், அதை எந்தக் கடையில் வாங்குவாய்?" என்றார்கள். ஏலத்திற்குப் போன அவ்விரண்டும் எம் படிப்பின் விலை. அதனை நினையாமல் நாம் ஒருநாளும் வகுப்பறைக்குள் நுழைந்ததில்லை.

வேண்டுவன யாவை?

முதலாவது, கடனின் நோக்கம் அறிதல். பள்ளிக்கும் பாசனத்திற்கும் துறைமுகத்திற்கும் வாங்கும் கடன் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். அன்றாடச் செலவுக்கு வாங்கும் கடன் அடுத்த தலைமுறையின் கஞ்சிக் கலயத்தில் கை வைக்கும். கொள்ளைநோய்க் காலமான 2020-21-இல் நடுவணரசின் பற்றாக்குறை 9 விழுக்காட்டைத் தாண்டியது. இடர்க்காலத்தில் செலவிடுதல் அரசின் கடமையே. அதற்கு நற்காலத்தில் சேர்த்து வைத்திருத்தலும் கடமையே.

இரண்டாவது, வரி. வரி கொடாமையைத் திறமை என்று பாராட்டும் சமுதாயம், அரசிடம் நல்ல மருத்துவமனையை எதிர்பார்த்தல் பொருந்தாது. பொருள்களின் மேல் இடும் வரி ஏழைக்கும் செல்வனுக்கும் ஒன்றாகவே விழுகின்றது. ஆதலின் வருமானத்தின் மேல் இடும் வரி விரிவடைதல் வேண்டும்.

மூன்றாவது, சீர்திருத்தத்தின் சுமையைத் தாங்க இயலாதவர் தோளில் ஏற்றாமை. நியாயவிலைக் கடையும் ஊரக வேலைத் திட்டமும் கருணைக் கொடைகள் அல்ல. நெருக்கடி வருங்கால் மக்கள் வளையலைக் கழற்றாதிருக்கக் கட்டிய கரைகள் அவை.

நான்காவது, வெளிநாட்டில் உழைப்போரின் நலம். 2022 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கும் மேலாக அவர்கள் அனுப்புகின்றனர். உலகில் இத்துணைப் பணம் பெறும் நாடு வேறில்லை. நாட்டின் கையிருப்பைத் தாங்கும் இத்தோள்களுக்கு, திரும்பி வரும் நாளில் தொழில் தொடங்கக் கடனும் காப்பீடும் உண்டா என்று கேட்டல் நம் உரிமை.

ஐந்தாவது, உண்மையை மறையாமை. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. எங்கள் கடற்கரைக்கு எதிர்க்கரையான இலங்கை, 2019 இறுதியில் வரிகளைப் பெருமளவில் குறைத்தது. சுற்றுலா வருவாய் கொள்ளைநோயால் வற்றியது. 2021-இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடை செய்து விளைச்சலைக் கெடுத்துக்கொண்டது. கையிருப்பு கரைவதை அறிந்தும் பன்னாட்டு நிதியத்தை அணுகத் தயங்கியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. ஜூலையில் குடியரசுத் தலைவரே நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், அரிசியும் மருந்தும் வாங்க இயலாத தமிழ்க் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கின. முன்பு போருக்கு அஞ்சி வந்தவர்கள், இம்முறை விலைவாசிக்கு அஞ்சி வந்தனர். புள்ளிவிவரங்கள் பொய்த்தால் என்ன நேரும் என்பதை அம்மணல்திட்டு காட்டிற்று.

நிறைவாக

மாணவச் செல்வங்களே! பொருளியல் வேறு துறையினருக்குரியது, தமிழ் பயிலும் நமக்கு அது எதற்கு என்று எண்ணாதீர்கள். புரியாத மொழியில் எழுதப்படும் கணக்கிலேதான் பிழைகள் ஒளிந்துகொள்கின்றன. நாட்டின் வரவு செலவை ஊரில் உள்ள ஒவ்வோர் அன்னையும் கேட்டு உணரும் தமிழில் எடுத்துரைத்தல், தமிழ் கற்றோர் ஆற்ற வேண்டிய பணிகளுள் ஒன்றாகும்.

1991-க்குப் பின் உம்மா ஒரு நோட்டுப்புத்தகத்தில் கணக்கு எழுதச் சொன்னார்கள். இன்றே வேண்டியது, பிறகு பார்க்கலாம் என்பது, இனி வேண்டாம் என்பது என மூன்று பத்திகள் அதில் இருந்தன. மாதக் கடைசியில் அதனை உரக்கப் படிக்கச் சொல்லி, வீட்டார் எல்லோரும் கேட்கும்படி செய்வார்கள். எழுதப் படிக்க அறியாத அவர்கள் வகுத்த அக்கணக்கினும் சிறந்த சீர்திருத்தத்தை நாம் இன்று வரை கண்டதில்லை. மீட்ட இரு வளையல்களும் இன்று எங்கள் மகளின் கையில் உள்ளன. அந்த மாடியறையைக் கடனின்றிக் கட்டி முடிக்கப் பதினொரு ஆண்டுகள் ஆயின.